காலடிப்பேட்டை மீன்குழம்புக்கு எந்த ஒயின்?

மீனுக்கு வெள்ளை ஒயின், கறிக்குச் சிவப்பு ஒயின். உலகமெங்கும் ஓட்டல் மேசைகளில் புழங்கும் விதி இது. இதை வகுத்தவர்கள் வடசென்னைச் சங்கரா மீன்குழம்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டவர்களாக இருக்க முடியாது. அவர்களுடைய மீன் வெண்ணெயில் புரண்டு, மேலே இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறோடு தட்டுக்கு வரும். காசிமேட்டில் விடியற்காலை ஏலம் போன மீனோ, காலடிப்பேட்டையில் மதியச் சாப்பாட்டுக்கு வருவதற்குள் புளிக்கரைசல், மிளகாய்த்தூள், மல்லித்தூள், பூண்டு, வெந்தயம், நல்லெண்ணெய் எல்லாவற்றிலும் கொதித்து அடங்கியிருக்கும்.

இந்தக் குழம்புக்கு எந்த ஒயின் பொருந்தும்? கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் விடை தேடிப் போனால், நாக்கு எதை எதோடு ஒப்பிடுகிறது, மூக்கு எதை அடையாளம் கண்டுகொள்கிறது, உறைப்பு ஏன் தண்ணீருக்கு அடங்குவதில்லை என்று அடுக்கடுக்காக வேதியியல் வந்து நிற்கிறது. இன்னொன்றும் தெரியவரும். விடையின் ஒரு பாதி, காலடிப்பேட்டையை உண்டாக்கிய துரையின் காலத்திலேயே கப்பலேறி இந்தக் கரைக்கு வந்துவிட்டது.

வெயிலில் வெந்த பீப்பாய்

1717 முதல் 1720 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்தவர் ஜோசப் கோலட். அதற்கு முன் சுமத்ரா தீவின் பென்கூலனில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மிளகு வியாபாரத்தை நடத்திக்கொண்டிருந்தவர். மெட்ராசுக்கு வந்தபின் திருவொற்றியூரில் நெசவாளர்களைக் குடியமர்த்தி ஒரு பேட்டையை அமைத்தார். கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலும் அந்தக் காலத்ததே. கோலட்பேட்டை பேச்சுவழக்கில் காலடிப்பேட்டை ஆனது. 2021 முதல் அதே பெயரில் மெட்ரோ ரயில் நிலையமும் இருக்கிறது.

அந்த நாளில் லண்டனிலிருந்து மெட்ராசுக்குக் கிளம்பும் கப்பல்கள் வழியில் மதீரா தீவில் நிற்பது வழக்கம். ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு எதிரே அட்லாண்டிக் கடலில் இருக்கும் போர்ச்சுகீசியத் தீவு அது. தண்ணீர், காய்கறி ஏற்றுவதோடு ஒயின் பீப்பாய்களையும் ஏற்றிக்கொள்வார்கள். அங்கிருந்து பூமத்திய ரேகையைத் தாண்டி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மறுபடி பூமத்திய ரேகையைக் கடந்துதான் சோழமண்டலக் கரைக்கு வர வேண்டும். மாதக்கணக்கான பயணம். கப்பலின் அடித்தட்டில் காற்றில்லாத புழுக்கத்தில், அலையாட்டத்தில், பீப்பாய்கள் வெந்துகொண்டே வந்தன.

சாதாரண ஒயின் இந்தப் பாட்டுக்குக் காடியாகிப் போயிருக்கும். மதீரா ஒயின் அப்படிக் கெடவில்லை. முன்பிருந்ததைவிட நன்றாக இருக்கிறது என்று குடித்தவர்கள் சொன்னார்கள். இந்தியா வரை போய்த் திரும்பிய பீப்பாய்க்குத் தனி மவுசு உண்டாயிற்று. போர்ச்சுகீசியர்கள் அதை 'வின்யோ ட ரோடா', சுற்றிவந்த ஒயின், என்றார்கள். பிராந்தி கலந்து வலுவேற்றும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள், கப்பலில் அனுப்பாமலே அதே பலனைப் பெறத் தீவிலேயே சூடான அறைகளைக் கட்டிவிட்டார்கள். இன்றும் சாதாரண ரக மதீராவை 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் குறைந்தது மூன்று மாதம் வைக்கிறார்கள். உயர்ந்த ரகம், வெயில் படும் மாடியறைகளில் ஆண்டுக்கணக்கில் பீப்பாயிலேயே கிடக்கும்.

மெட்ராசுக்கு வந்த பயணத்தின் சூட்டை ஒரு தொழிற்சாலைக்குள் அடைத்து வைத்ததுதான் இந்தச் செய்முறை. அந்தச் சூடு ஒயினுக்குள் என்ன செய்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

வெந்தயத்தில் இருக்கும் அதே மணம்

மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்கிறது. வெந்தயத்தைப் போட்டதும் முதலில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகு மஞ்சள் மங்கி இளஞ்சிவப்பு ஏறும். அந்தக் கணத்தில் எழும் மணத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பச்சை வெந்தயத்தின் கசப்பு வாடை அதில் இல்லை. காய்ச்சிய வெல்லப்பாகும் வறுத்த கொட்டையும் கலந்த ஒரு கனத்த இனிப்பு மணம். இன்னும் சில நொடி விட்டால் கறுத்துக் கசந்துவிடும். கைப்பக்குவம் உள்ளவர்கள் அதற்குள் வெங்காயத்தைத் தள்ளிவிடுவார்கள்.

அந்த மணத்துக்குக் காரணமான மூலக்கூறின் பெயர் சோட்டலான். 1980இல் ஜப்பானிய வேதியியலாளர்கள், சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரைக்கு அதன் தனி வாசனையைத் தருவது இதுதான் என்று காட்டினார்கள். வெந்தயத்தின் முத்திரை மணமும் இதுவே. வெந்தயத்தில் மட்டும் அதிகமாக இருக்கும் ஓர் அமினோ அமிலம் சூடுபடும்போது சோட்டலானாக மாறுகிறது. நீண்டநாள் சூட்டிலும் காற்றிலும் கிடந்த மதீரா ஒயினிலும் இதே மூலக்கூறு சேர்ந்துகொண்டே போகிறது. பீப்பாயில் ஆண்டு ஏற ஏற அளவும் ஏறுகிறது. ஒரு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும்.

இதன் வீரியத்துக்கு ஒரு கதை உண்டு. 2005 அக்டோபரில் ஒரு நாள் நியூயார்க் நகரத்தின் மேல் திடீரென்று மேப்பிள் பாகு வாசனை கவிந்தது. மக்கள் பயந்து அரசுக்குப் போன் மேல் போன் போட்டார்கள். வாசனை வருவதும் போவதுமாக இருந்தது. காற்றின் திசையை வைத்துத் தேடி, 2009இல் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆற்றுக்கு அப்பால் நியூஜெர்சியில் ஒரு வாசனைப்பொருள் ஆலை, வெந்தயத்தை அரைத்துச் சாறு எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு ஆலையின் வெந்தய வேலை ஒரு மாநகரத்தையே மூக்கை உறிஞ்ச வைத்துவிட்டது.

கோலட் காலத்துக் கோட்டைக்கு வந்த பீப்பாயும், கோலட் அமைத்த பேட்டையின் அடுப்பில் ஏறிய சட்டியும் ஒரே மூலக்கூறை உண்டாக்கிக்கொண்டிருந்தன. ஒன்று மாதக்கணக்கில் செய்தது, இன்னொன்று அரை நிமிடத்தில்.

இதைச் சொன்னதும், "அப்படியானால் ஒரே மணம் உள்ள இரண்டைச் சேர்த்தால் பொருந்திவிடுமா?" என்று கேட்கத் தோன்றும். மேல்நாட்டுச் சமையலில் ஓரளவு அப்படித்தான். 2011இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சமையல் குறிப்புகளைக் கணினியில் ஆராய்ந்தபோது, வட அமெரிக்க, மேற்கு ஐரோப்பியச் சமையல் பொதுவான மண மூலக்கூறுகள் கொண்ட பொருள்களைச் சேர்க்க விரும்புகிறது என்று தெரிந்தது. கிழக்காசியச் சமையல் அதைத் தவிர்க்கிறது. 2015இல் ஜோத்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2,500க்கும் மேற்பட்ட இந்தியச் சமையல் குறிப்புகளை அதே முறையில் பார்த்தார்கள். நம்முடைய சமையல் ஒன்றுக்கொன்று மணத்தில் ஒட்டாத பொருள்களைத் தேடிச் சேர்க்கிறது, அதற்கு முக்கியக் காரணம் மசாலாப் பொருள்கள் என்பது அவர்கள் முடிவு. மண ஒற்றுமை ஒரு கூடுதல் மகிழ்ச்சி, அவ்வளவுதான். பொருத்தம் முதலில் நாக்கில் தீர வேண்டும்.

புளியும் திராட்சையும்

பழங்களில் பெரும்பாலானவற்றுக்குப் புளிப்பைத் தருவது சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும். எலுமிச்சையில் முதலாவது, ஆப்பிளில் இரண்டாவது. டார்டாரிக் அமிலத்தை ஏராளமாகச் சேர்த்து வைக்கும் பழங்கள் மிகக் குறைவு. அவற்றில் முக்கியமானவை இரண்டு: ஒன்று திராட்சை, மற்றொன்று நம்முடைய புளி. பழம்பானைகளில் ஒயின் இருந்ததா என்று பார்க்கத் தொல்லியலாளர்கள் தேடும் தடயமே டார்டாரிக் அமிலம்தான். புளி வளரும் நாட்டில் அந்தத் தடயத்தை மட்டும் நம்பிவிட முடியாது. குழம்பு வைத்த பானையும் அதே சாட்சியைச் சொல்லும்.

ஒயினின் முதுகெலும்பாக இருக்கும் அமிலம் நம் குழம்பில் ஏற்கெனவே கரைந்திருக்கிறது. ஐரோப்பியச் சாப்பாட்டில் கொழுப்புப் படிந்த வாயைக் கழுவி, அடுத்த கவளத்துக்கு நாக்கைத் தயார்செய்யும் வேலையை ஒயினின் புளிப்பு செய்கிறது. நம் சாப்பாட்டில் அந்த வேலை தட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. குழம்பில் புளி, பிறகு ரசம், பிறகு மோர், ஓரத்தில் ஊறுகாய் என்று சாப்பாடு முழுக்கப் புளிப்பு தொடர்ந்து வருகிறது.

பக்கத்தில் ஒயினை வைத்தால் என்ன ஆகும்? நாக்கு எதையும் தனித்து அளப்பதில்லை, இதற்கு முன் வந்ததோடு ஒப்பிட்டே அளக்கிறது. வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாற்றை அளவான சர்க்கரையோடு கலந்து ஒரு வாய் குடியுங்கள். பிறகு கெட்டியான புளிக்குழம்பில் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு அதே சாற்றை மறுபடி குடியுங்கள். புளிப்பு எங்கே போயிற்று என்று தேடுவீர்கள். ஒயினுக்கும் இதே கதிதான். சாப்பாட்டைவிட ஒயினில் புளிப்பு குறைவாக இருந்தால் அது சப்பென்று போய்விடும். புளிச் சாப்பாட்டுக்குப் புளிப்பு தூக்கலான ஒயின்தான் ஈடுகொடுக்கும். மதீராவுக்கு அந்தத் தகுதியும் உண்டு. உலகத்தின் புளிப்பு மிகுந்த ஒயின்களில் ஒன்று அது.

மீனில் புளி சேர்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மீன் பழசாக ஆக, டிரைமெத்தில் அமைன் என்ற காரத்தன்மையுள்ள பொருள் உண்டாகி மூக்கைத் துளைக்கிறது. அமிலம் பட்டதும் அது உப்பாக மாறி, ஆவியாகாமல் குழம்பிலேயே தங்கிவிடுகிறது. ஐரோப்பாவில் எலுமிச்சை, இங்கே புளி, ஜப்பானில் அரிசிக் காடி. மூன்றுக்கும் வேதியியல் ஒன்றே.

மீனோடு சிவப்பு ஒயின் சேராததற்கும் அண்மையில் காரணம் கிடைத்தது. 2009இல் ஜப்பானின் மெர்சியன் ஒயின் நிறுவனத்து ஆய்வாளர்கள் 38 சிவப்பு ஒயின்களையும் 26 வெள்ளை ஒயின்களையும் உலர்ந்த சிப்பிக்கறியோடு சுவைக்கக் கொடுத்தார்கள். சில ஒயின்களுக்குப் பின் வாயில் தாங்க முடியாத கவிச்சு எஞ்சியது. எல்லோரும் துவர்ப்பைத் தரும் டானினைச் சந்தேகித்துக்கொண்டிருக்க, குற்றவாளி இரும்பு என்று தெரிந்தது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் கவிச்சு எழுகிறது. அந்த இரும்பைக் கட்டிப்போடும் பொருளைச் சேர்த்தால் அடங்கிவிடுகிறது. மீனின் கொழுப்பு அமிலங்களை இரும்பு உடைத்து நாற்றப் பொருள்களாக்குகிறது. சிவப்பு ஒயின்களில் பொதுவாக இரும்பு அதிகம். ஆனால் இரும்பு குறைந்த மண்ணில் விளைந்த சிவப்பு மீனோடு சண்டை போடாது. நிறத்தைப் பார்த்து விதி செய்தது தவறு.

மீன்குழம்பை மண்சட்டியில்தான் வைக்க வேண்டும் என்று நம் வீடுகளில் பிடிவாதம் பிடிப்பதற்கும் இந்த வேதியியல் ஒரு காரணமாக இருக்கலாம். புளி கொதிக்கும்போது இரும்புச் சட்டியைக் கரைக்கும். மண்சட்டி அப்படிக் கரைந்து கொடுக்காது.

உறைப்பின் கணக்கு

மதீராவுக்கு இதுவரை எல்லாம் சாதகம். இனிமேல்தான் சிக்கல்.

மிளகாயின் கேப்சைசின் நாக்கின் சுவை மொட்டுகளைத் தொடுவதே இல்லை. வலியையும் சூட்டையும் உணரும் நரம்பு முனைகளில் இருக்கும் ஒரு புரத வாசலைத் திறந்துவிடுகிறது. 1997இல் டேவிட் ஜூலியசின் குழு அந்த வாசலை அடையாளம் கண்டது. அதற்காக 2021இல் ஆர்டெம் படபூட்டியனோடு சேர்ந்து அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சாதாரணமாக 43 டிகிரி சூட்டுக்கு மேல் போனால்தான் இந்த வாசல் திறக்கும். கேப்சைசின் பட்டால் உடல் வெப்பத்திலேயே திறந்துகொள்கிறது. அதனால்தான் ஆறிப்போன குழம்பும் வாயைச் சுடுகிறது.

ஆல்கஹாலும் அதே வாசலைத்தான் தட்டுகிறது. ஆல்கஹால் இருக்கும்போது வாசல் திறக்கும் வெப்பம் 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 2002இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். உடல் வெப்பமே அதற்கு மேல். புண்ணில் சாராயம் பட்டால் ஏன் எரிகிறது என்பதற்கும் விடை இதுவே. உறைப்பான குழம்புக்குப் பிறகு வலுவான ஒயின் குடித்தால் எரிகிற வாயில் இன்னும் எரிச்சல் ஏறும். மதீராவில் ஆல்கஹால் ஏறத்தாழ 19 விழுக்காடு. வெந்தயத்தையும் புளியையும் வென்ற ஒயின் மிளகாயிடம் தோற்கிறது. ஒரு சிறு கிண்ணம், நன்றாகக் குளிரவைத்து, குழம்பைக் காரம் குறைத்து வைத்தால் மட்டும் தப்பிக்கும்.

உறைப்பை எது அடக்கும்? 2019இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரமான தக்காளிச் சாற்றைக் கொடுத்து, பிறகு ஏழு வகைப் பானங்களால் தணித்துப் பார்த்தார்கள். பால் முதலிடம். கொழுப்பு நீக்கிய பாலும் அதே அளவுக்கு வேலை செய்தது. ஆகவே காரத்தை அடக்கியது கொழுப்பு மட்டும் இல்லை. பாலின் கேசீன் புரதத்துக்கு அதில் பெரும் பங்கு. அடுத்த நிலையில் வந்தது சர்க்கரை கலந்த பழச்சுவைப் பானம். தண்ணீரும் ஆல்கஹால் நீக்கிய பீரும் பின்தங்கின. நம் சாப்பாட்டின் கடைசியில் மோர் வருவதைச் சோதனைச்சாலை ஆமோதித்தது என்று வைத்துக்கொள்ளலாம். மோரை ஒயினில் கலக்க முடியாது. ஆனால் இனிப்பு ஒயின் என்று ஒன்று இருக்கிறது. குளிர்ச்சியும் இனிப்பும் இருந்து, ஆல்கஹால் குறைவாக இருந்தால் அது மிளகாயோடு சமாதானமாகப் போகும்.

துவர்ப்பும் உப்பும்

அறுசுவையில் துவர்ப்பை ஒரு சுவையாக எண்ணினார்கள் முன்னோர். இன்றைய அறிவியல் அதைப் பெரும்பாலும் தொடு உணர்ச்சியாகவே கருதுகிறது. வாழைப்பூவிலும் நாவல்பழத்திலும் கடுங்காபியிலும் சிவப்பு ஒயினிலும் இருக்கும் டானின் போன்ற பொருள்கள், உமிழ்நீரில் உள்ள வழுவழுப்பான புரதங்களைப் பிடித்துத் திரளச் செய்கின்றன. வாய் வழுக்கலை இழந்து சொரசொரப்பாகிறது. வாயில் கொழுப்பும் இறைச்சிப் புரதமும் நிறைய இருந்தால் டானின் அவற்றோடு ஈடுபட்டு அடங்கிவிடும். டீயில் பால் சேர்த்ததும் துவர்ப்பு தணிவது இதனால்தான். ஆகவே கொழுப்பான ஆட்டுக்கறிக்குத் துவர்ப்பு மிகுந்த சிவப்பு பொருந்துகிறது. ஆனால் அந்தக் கறியில் மிளகாய் தூக்கலாக இருந்தால் சொரசொரப்பும் எரிச்சலும் கைகோத்துக்கொள்ளும்.

உப்புக்கு வேறொரு திறமை. அது கசப்பை மறைக்கும். சர்க்கரையைவிட நன்றாகவே மறைக்கும் என்று 1997இல் பிரெஸ்லின், போஷாம்ப் என்ற ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். கடுங்காபி கசந்தால் ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள், கசப்பு பின்வாங்கும்.

ஒயினில் உப்பு என்பது சோழமண்டலக் கரைக்குப் பழைய செய்தி. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகள் உடைந்து கிடந்தன. அவற்றில் பெரும்பகுதி, ஏஜியன் கடலின் காஸ் தீவுப் பாணிச் சாடிகள் என்று பின்னர் வகைப்படுத்தினார்கள். காஸ் தீவு ஒயினின் சிறப்பு, அதில் கடல்நீர் கலப்பார்கள். அதைப் போலி செய்யும் முறையை ரோமானிய எழுத்தாளர் கேட்டோ தன் வேளாண்மை நூலில் எழுதி வைத்திருக்கிறார். உயர்குடி விருந்துக்கான அரிய சரக்கு அல்ல அது. அளவில் அதிகமாக விற்ற, கப்பலில் கெடாமல் வந்துசேர்ந்த சாதாரண ஒயின். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் அருந்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் சொல்கிறது. அந்தக் கலத்தில் எந்த ஊர் ஒயின் இருந்தது என்று பாட்டில் இல்லை. அரிக்கமேட்டில் இறங்கியதில் பெரும்பகுதி உப்புக் கரித்த ஒயின் என்பதைச் சாடிகள் சொல்கின்றன.

வடசென்னைத் தட்டில் உலகம்

உலகச் சமையலைத் தேடி விமானம் ஏற வேண்டாம். கடற்கரையை ஒட்டிய சில மைல்களுக்குள் அது கிடைக்கிறது. இதுவரை பார்த்த கணக்கை ஒவ்வொரு தட்டிலும் போட்டுப் பார்க்கலாம்.

1960களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ, பர்மா பஜாருக்கு எதிர்ப்பக்கம் மாலையில் களைகட்டும். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், மிளகாய்த் துகள், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள், பக்கத்தில் வாழைத்தண்டு சூப். புளிப்பும் எண்ணெயும் சேர்ந்த சாப்பாடு. புளிப்பு தூக்கலான, டானின் இல்லாத வெள்ளை ஒயின் வேண்டும். நாசிக் பக்கத்தில் விளையும் செனின் பிளாங்க் இதற்குச் சரி. அங்கே பெரும்பாலும் அதில் லேசான இனிப்பை விட்டே செய்கிறார்கள். தாய்லாந்து, வியட்நாம் சாப்பாட்டுக்கும் இதே பதில்.

வறுத்த நெத்திலிக்கும் இறாலுக்கும் கொழுப்பை அறுக்கும் புளிப்பும் நுரையும் தேவை. நுரைக்கும் ஒயின் எதுவும் போதும். ஆங்கிலேயரின் வறுத்த மீன், இத்தாலியரின் பொரித்த கணவாய் எல்லாம் இதே கணக்கு.

ராயபுரத்து ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் விந்தாலு வைப்பார்கள். இறைச்சியை ஒயினிலும் பூண்டிலும் ஊறவைக்கும் போர்ச்சுகீசிய முறையின் வழிவந்தது அது. மதீரா தீவில் கிறிஸ்துமசுக்கு இன்றும் அந்த மூலப் பதார்த்தத்தைச் சமைக்கிறார்கள். கோவாவில் ஒயினின் இடத்தைக் கள்ளுக்காடி பிடித்தது, பிறகு மிளகாய் சேர்ந்தது. காடியும் காரமும் இருக்கும் இடத்தில் துவர்ப்பான சிவப்பு எடுபடாது. கோவாவில் 'போர்ட்' என்ற பெயரில் மலிவாக விற்கும் இனிப்புச் சிவப்பை ஒயின் தெரிந்தவர்கள் ஏளனம் செய்வார்கள். விந்தாலுவுக்குப் பக்கத்தில் அதைக் குளிரவைத்துக் கொடுத்தால் ஏளனம் குறையும்.

மிளகு வறுவலுக்கு மட்டும் சிவப்பு ஒயின் ஒன்று உறவுக்காரன். 2008இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தினர், ஷிராஸ் ஒயினில் வரும் மிளகு வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற மூலக்கூறைக் கண்டுபிடித்தார்கள். மிளகிலும் அதுவேதான். ஒரு லிட்டர் தண்ணீரில் 8 நானோகிராம் இருந்தாலே மணக்கும். ஆனால் சோதனைக்கு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் மணக்கவில்லை. ஒரே பாட்டிலைச் சுற்றி உட்கார்ந்த ஐந்து பேரில் ஒருவர் வேறொரு ஒயினைக் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். மிளகாயில்லாத மிளகு வறுவலுக்கும் பிரெஞ்சுக்காரர்களின் மிளகு தூவிய மாட்டிறைச்சிக்கும் ஷிராஸ் நல்ல துணை.

மல்லி தூக்கலான குருமாவுக்கும் பிரியாணிக்கும் இன்னொரு உறவு இருக்கிறது. மல்லி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல் என்ற மணப்பொருள். மஸ்கட் வகைத் திராட்சைகளின் மணமும் அதுவே, கூடவே ரோஜாவின் ஜெரானியாலும் சேரும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பெரும்பாலும் பழமாகத் தின்றே தீர்த்துவிடுகிறோம். இத்தாலியில் மஸ்கட்டிலிருந்து செய்யும் மொஸ்காட்டோ ஒயினில் இனிப்பு உண்டு, நுரை உண்டு, ஆல்கஹால் 5 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். உறைப்புக்குத் தேவையென்று மேலே கண்ட எல்லாம் அதில் அமைந்திருக்கின்றன.

விலைக்கு என்ன வேலை?

அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முறை, விலையை மறைத்து ஒயினைச் சுவைக்கக் கொடுத்த முடிவுகளை 2008இல் ராபின் கோல்ட்ஸ்டைனும் சகாக்களும் வெளியிட்டார்கள். ஒயின் பயிற்சி இல்லாதவர்கள், விலை கூடின ஒயினைச் சிறிதளவு குறைவாகவே விரும்பினார்கள். அதே ஆண்டில் கலிபோர்னியாவில் இன்னொரு சோதனை. ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். 90 டாலர் என்று கேட்டபோது மூளையின் இன்பப் பகுதி கூடுதலாகத் துடித்தது. நாக்குக்குப் போனது அதே திரவம்.

நம் சாப்பாட்டுக்கு இந்தக் கணக்கு இன்னும் வலுவாகப் பொருந்தும். ஒயினின் விலையை ஏற்றுபவை எவை? ஓக் பீப்பாய், நீண்டகாலச் சேமிப்பு, அடர்ந்த டானின், அதனால் வரும் நுட்பமான மணங்கள். புளியும் மிளகாயும் முதலில் அடித்து வீழ்த்துவது இவற்றைத்தான். நமக்குத் தேவையான இனிப்பு, புளிப்பு, குளிர்ச்சி, குறைந்த ஆல்கஹால் ஆகியவற்றுக்கு மதுச்சந்தையில் பெரிய விலை கிடையாது. வஞ்சிரக் குழம்போடு விலையுயர்ந்த சிவப்பைத் திறப்பவர், கொடுத்த காசில் பெரும்பகுதியைக் குழம்பில் கரைத்துவிடுகிறார்.

ஆக, முதலில் கேட்ட கேள்விக்கு விடை இது. வெந்தய மணத்துக்கும் புளிக்கும் மதீரா பொருந்தும், மிளகாய்க்குப் பொருந்தாது. தினசரிக் குழம்புக்கு லேசான இனிப்புள்ள, குளிர்ந்த, புளிப்பான வெள்ளை ஒயின் போதும்.

இந்தப் பொருத்தத்தை உண்டாக்கும் ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். புளிப்பு அமிலத்தின் வேலை, தணிப்பு சர்க்கரையின் வேலை, மணம் லினலூலின் வேலை. எதிர்வேலை செய்யும் ஒரே சரக்கு ஆல்கஹால். பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்றே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னதற்குக் காரணங்கள் வேறு. ஆனால் மீன்குழம்பின் வேதியியலும் தன் வழியில் அதே முடிவுக்குத்தான் வருகிறது. இனிப்பும் புளிப்பும் சேர்த்து, ஐஸ் போட்டு, நுரைக்க நுரைக்கக் கலக்கிய எலுமிச்சை சோடா, இந்தத் தட்டுக்கு எதிரே எந்த நாட்டு ஒயினோடும் போட்டிக்கு நிற்கும். மிளகாய் கூடக்கூட அது ஜெயிக்கவும் செய்யும்.